அமாவாசைக்கு அமாவாசை

ராஜகோபாலனைப் பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஒரு வேலையை அவன் முழுசாக முடித்து நான் பார்த்ததில்லை. முடிக்கத் தெரியாதவன் இல்லை, முடிக்க மனம் வராதவன். கல்லூரிப் பரீட்சையில் தாளை அவன் கையிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு. மணி அடித்த பிறகும் இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று கெஞ்சிக்கொண்டிருப்பான். அவன் அப்பா அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘அரைகுறை’. விருந்தாளி வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார். “டேய் அரைகுறை, வந்தவாளுக்குத் தண்ணி கொண்டா.”

என் பெயர் மொஹ்சின். மேற்கு தாம்பரத்தில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கோபம் நிறைய. படித்து முடித்ததும் அவன் நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனான், நான் கடை போட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் அஸ்தினாபுரத்தில் அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்போர் சங்கம் ஒரு சின்ன நூலகம் ஆரம்பித்தது. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அதற்கு ‘அலமாரி’ என்று பெயர். அதை அப்படியே இன்டர்நெட்டில் போட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம், காசு கிடையாது. ஓப்பன் சோர்ஸ் என்று இதற்குத்தான் பெயர். நாகர்கோவிலில் ஒரு சர்ச் நூலகம் எடுத்துக்கொண்டது. பிறகு கென்யாவில் ஒரு பள்ளிக்கூடம், பிரேசிலில் இரண்டு, போலந்தில் ஒரு ஊர் நூலகம். எல்லோரும் தப்புகளைச் சொன்னார்கள், திருத்தமும் எழுதி அனுப்பினார்கள். இவன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அடைகாத்தான். ஒன்றரை வருஷம் புதிய பதிப்பே வரவில்லை. போலந்து நூலகர் ஒரே வரியில் கடிதம் போட்டார்: இந்தப் புரோகிராம் உயிரோடு இருக்கிறதா?

அந்த வரியை எனக்குக் காட்டி ராஜகோபாலன் கண் கலங்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்டா, அப்புறம் விட்டுடலாம்” என்றான்.

“தாம்பரம் பீச் வண்டி உனக்காக நிக்குமா மச்சான்? நேரம் ஆனா கிளம்பிடும். ஏறினவன் ஏறினான், ஏறாதவன் அடுத்த வண்டி. ரிலீஸும் அப்படித்தான் இருக்கணும். மாசத்துக்கு ஒரு நாள். எது ரெடியோ அது போகும். ரெடியாகாதது அடுத்த மாசம்.”

கடையிலேயே உட்கார்ந்து விதிகளை எழுதி எல்லோருக்கும் அனுப்பினோம். வெளியீட்டு நாளைத் தவறவிட்டால் பொறுப்பு கை மாறும், பதிப்பை ஏற்றும் பாஸ்வேர்டு வேறு ஒருவருக்குப் போய்விடும் என்பது கடைசி விதி. அதை எழுதியது நான். அவனுக்குப் பயம் இருந்தால்தான் முடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

எந்த நாள் என்பதில்தான் வந்தது வினை. ஒரு பதிப்பைக் கட்டி, என் பழைய கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்து, நெட்டில் ஏற்றி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அவன் வீட்டில் முடியாது. அவன் அப்பா சம்பத்குமாரன் டெலிபோன் இலாகாவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். போன் லைனைப் பத்து நிமிஷம் பிடித்து வைத்தாலே வீட்டைப் புரட்டிப் போட்டுவிடுவார். ஆபீஸிலும் முடியாது, தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ், திரும்பி வர ஒன்பது. நான் எட்டரைக்கே ஷட்டரை இறக்கிவிடுவேன். மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கேம்ஸ் ஆடும் கூட்டத்தில் எட்டு கம்ப்யூட்டரும் நிறைந்திருக்கும். ஒன்றை ஒதுக்கித் தருகிறாயா என்று கேட்டான். முடியாது என்றேன். நட்பு வேறு, கடை வேறு.

நாலு நாள் கழித்து அவனே வழியோடு வந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“அமாவாசை” என்றான்.

அவன் அப்பா வேலையில் இருந்த காலம் முழுக்க அமாவாசையன்று பதினோரு மணிக்குத்தான் ஆபீஸ் போவாராம். காலையில் குளித்து, செத்துப்போன தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் செய்துவிட்டுத்தான் கிளம்புவார். ஏன் லேட் என்று ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. நாவலூரிலும் கேட்கமாட்டார்கள்.

“தர்ப்பணம் அப்பா இல்லாதவங்கதானேடா பண்ணுவாங்க?” என்றேன். நான் துலுக்கன்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். இது கூடவா தெரியாது?

“அது ஆபீஸ்ல யாருக்குத் தெரியப்போறது?” என்றான்.

அந்த இடத்தில் நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. மாதம் தவறாமல் பதிப்பு வரும் என்றுதான் என் புத்தி போயிற்று.

முதல் அமாவாசை. அவன் அப்பா பூஜையறை முன்னால் தர்ப்பைப் புல்லோடு உட்கார்ந்திருக்க, அம்மா மடியாகச் சமைத்துக்கொண்டிருக்க, இவன் வழக்கம்போல் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு ஆறே முக்காலுக்கு வெளியே வந்தான். கம்பெனி பஸ்ஸுக்குப் போகாமல் குரோம்பேட்டையில் ரயிலேறி என் கடைக்கு வந்தான். பத்தே முக்காலுக்கு அலமாரியின் புதிய பதிப்பு உலகத்துக்குப் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு நெற்றியில் நாமத்தோடு நாவலூரில் போய் இறங்கினான்.

அவனுடைய மேனேஜர் தாமோதரன் காய்ச்சலுக்குக்கூட லீவு தராத மனிதர். கோவளம் பக்கம் ஒரு குப்பத்தில், மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். அவர் பத்தாவது படிக்கும்போது கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் விடியற்காலையில் கடலில் இடுப்பளவு நின்று கும்பிட்டுவிட்டுத்தான் ஆபீஸ் வருவார். இவன் நெற்றியைப் பார்த்ததும் குரலே மாறிவிட்டதாம்.

“இன்னாபா, அமாவாசைன்னு லேட்டா? அப்பா இல்லியா உனுக்கு?”

இவன் தலையை ஆட்டினான்.

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? இந்த வயசுல எவன் செய்றான் இதெல்லாம்? இனிமே அமாவாசைக்கு மதியம் வந்தா போதும். நான் பாத்துக்கிறேன்.”

“நான் பொய்யே சொல்லலைடா, அவரேதான் கேட்டார்” என்று என்னிடம் சொன்னான். ஒரு தலையசைப்பில் பெற்ற அப்பனைக் கொன்றுவிட்டு வந்து நியாயம் பேசினான். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதையும் சேர்த்துப் பதினான்கு அமாவாசை, பதினான்கு பதிப்பு. ஒன்று தவறவில்லை. மாதாமாதம் தேதி மாறுகிறதே என்று வெளிநாட்டுக்காரர்கள் முதலில் குழம்பினார்கள், பிறகு அதிலேயே மயங்கிப் போனார்கள். போலந்து நூலகர் அலமாரியின் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு வட்டம் வரைந்து போட்டார். திருத்தம் அனுப்புகிறவர்கள் நாலு பேரிலிருந்து முப்பது பேரானார்கள். ராஜகோபாலன் முடிக்கக் கற்றுக்கொண்டான். “இது இந்த மாசம் வேண்டாம், அடுத்ததுல பாத்துக்கலாம்” என்று அவன் வாயாலேயே சொல்லக் கேட்டேன். அந்தப் பதினான்கு மாதம் அவன் சந்தோஷமாக இருந்தான். வீட்டில் அரைகுறை என்று கேட்டுக் கேட்டுக் கூனிப்போனவனை, எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ, சொன்னால் சொன்ன நாளில் செய்கிறவர் என்று எழுதினார்கள். அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான்.

அப்பா காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்கு இல்லாமல் இல்லை. அதனால் ஆபீஸ்காரர் ஒருவரையும் வீட்டுப் பக்கம் வரவிடமாட்டான், வீட்டு நம்பரையும் தரமாட்டான். அவன் மறந்துபோனது ஒன்றைத்தான். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு வீட்டில் பெண் பார்ப்பார்கள், பெண் வீட்டார் ஆபீஸில் போய் விசாரிப்பார்கள்.

மடிப்பாக்கத்தில் ஒரு ஜாதகம் பொருந்தியது. சம்பத்குமாரனும் பெண்ணின் தாய்மாமனும் இரண்டு தடவை உட்கார்ந்து பேசி, கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். முறைக்கு ஒரு தடவை விசாரித்துவிடலாம் என்று தாய்மாமன் நாவலூருக்குப் போனார். தாமோதரன் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து மனசாரச் சொன்னார்.

“தங்கமான புள்ள சார். கண்ண மூடிக்கினு குடுங்க. செத்துப்போன அப்பா மேல அவ்ளோ உயிரு. ஒரு அமாவாசை விடமாட்டான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் அஸ்தினாபுரம் வந்தார். கூடத்தில் சம்பத்குமாரன் எதிரில் உட்கார்ந்தார். ராஜகோபாலன் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். தாய்மாமன் காபியைத் தொடவில்லை. சம்பத்குமாரனையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“மாமி, தப்பா எடுத்துக்காதீங்கோ. பொண்ணு விஷயம், கேட்டுத்தான் ஆகணும். பையனோட அப்பா காலமாகிட்டார்னு ஆபீஸ்ல மேனேஜரே சொல்றார். அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் பண்றானாம். அப்போ இவர் யாரு?”

அம்மாவுக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்றாம். புரிந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். சம்பத்குமாரன் சத்தம் போடவில்லை.

“வருஷா வருஷம் நவம்பர்ல பாங்குக்குப் போய், நான் உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சார் பென்ஷன் வாங்கறேன். உங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தரட்டுமா?” என்றார்.

தாய்மாமன் எழுந்து போய்விட்டார். அவரோடு சம்பந்தமும் போயிற்று. போனது அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த மாமிக்கு முதல் புருஷன் ஒருத்தர் இருந்தாராம், பையன் அவருக்குப் பிறந்தவனாம், இவர் சேர்த்துக்கொண்டவராம் என்று கதை கட்டியாகிவிட்டது. ஒரே வாரத்தில் அது மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பி அஸ்தினாபுரம் பெருமாள் கோயில் வரைக்கும் வந்து சேர்ந்தது. முப்பத்தோரு வருஷம் ஒரே மனுஷனுக்குச் சமைத்துப் போட்ட அந்த அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

தாய்மாமன் வந்துபோன மறுநாளே ராஜகோபாலன் போன் பண்ணி நடந்ததைச் சொன்னபோது நான் சிரித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? “அப்போ இவர் யாரு” என்ற இடத்தில் சிரிப்பு பீறிக்கொண்டு வந்துவிட்டது. அவன், “அப்பா நாவலூர் வந்து தாமோதரன் சார் முன்னாடி நிக்கப்போறேங்கறார்டா” என்றான். வேலை போய்விடும். வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வான், தாமோதரன் முகத்தைப் பார்க்க முடியாது. அப்பா காலில் விழுந்து அழுதானாம்.

சம்பத்குமாரன் நாலு நாள் அவனோடு பேசவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார். “நாவலூருக்கு வரமாட்டேன். உன் மானத்தை வாங்கமாட்டேன். ஆனா நீ அங்க சொன்னது பொய்யா இருக்கக்கூடாது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் குளிச்சுட்டு வா.”

மறுநாள் பதினைந்தாவது வெளியீடு. ஏழு மணிக்கு நான் கடையைத் திறந்து அவன் கம்ப்யூட்டரைப் போட்டு வைத்தேன். எட்டாயிற்று, எட்டரை ஆயிற்று, ஆளைக் காணோம். செல்லை எடுக்கவில்லை. கடையைப் பக்கத்து ஜெராக்ஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, வாயில் வந்ததை எல்லாம் திட்டிக்கொண்டே வண்டியை அஸ்தினாபுரத்துக்கு விட்டேன்.

கதவு திறந்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் சம்பத்குமாரன், “வா மொஹ்சின், உள்ள வா. யாராவது பார்த்தா நல்லதுதான்” என்றார். அவர் தன் அப்பாவுக்கான தர்ப்பணத்தை முடித்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்த பலகையில் ராஜகோபாலன் வெற்று மார்போடு உட்கார்ந்திருந்தான். முன்னால் பித்தளைத் தாம்பாளம், சொம்பில் தண்ணீர், கிண்ணத்தில் கறுப்பு எள்.

“மந்திரம் வேண்டாம். மந்திரத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு” என்றார் அவர். “என் பேரைச் சொல்லி எள்ளும் ஜலமும் விடு. போதும்.”

அவன் எள்ளைக் கையில் எடுத்தான். எள் தாம்பாளத்துக்கு வெளியே சிதறியது.

“அப்பா, வேண்டாம்ப்பா.”

“ஏன், பதினாலு தடவை பண்ணியிருக்கியே. பேரை மறந்துட்டியா? சம்பத்குமாரன். சொல்லு.”

சொன்னான். தண்ணீர் விட்டான்.

“கேக்கலை. செத்தவனுக்குக் கேக்க வேண்டாமா? உரக்கச் சொல்லு.”

மூன்று தடவை சொல்லவைத்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். நெற்றியில் எப்போதும் வைக்கிற பொட்டைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் குங்குமம் இட்டிருந்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இவருக்கு ஏதாவது ஆயிடப்போறதுடா” என்று மட்டும் ஒரு தடவை சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

முடிந்ததும் சம்பத்குமாரன் என்னிடம் திரும்பினார். “உன் கடைக்கு இனிமே வரமாட்டான்ப்பா. நான் நிஜமா போற வரைக்கும், அமாவாசைன்னா எட்டு மணிக்கு அவன் இங்க உக்காந்தாகணும். ஒரு மாசம் தவறினாலும் அன்னிக்கே நாவலூருக்கு பஸ் ஏறிடுவேன்.”

அவரைத் தடுத்திருக்கலாம், இந்த யோசனைக்குச் சிரித்தவன் நானும்தான் அங்கிள் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனசெல்லாம் மணியில் இருந்தது. கடைக்குத் திரும்பியதும் போலந்துக்காரருக்கு எழுதினேன், ராஜகோபாலன் தவறிவிட்டார், இனி வரமாட்டார், விதிப்படி பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் இரண்டு மணி நேரத்தில் வெளியீட்டை முடித்துவிட்டார். பாஸ்வேர்டு மாறியது. பக்கத்தின் தலையில் இருந்த ராஜகோபாலன் பெயரை நானே எடுத்தேன்.

அந்த வாரமே அவன் போன் பண்ணினான். “வெளியீட்டை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடலாமாடா? நீ ஒரே ஒரு கம்ப்யூட்டர் குடுத்தா போதும்.”

“முப்பது பேர் அமாவாசைன்னு பழகிட்டாங்க. உனக்காக மாத்த முடியாது” என்றேன்.

இரண்டு வருஷம் போயிற்று. தாமோதரன் அமாவாசைக்கு அமாவாசை மதியம் வரை அவனுக்கு விடுப்புக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவனும் அந்த விடுப்பில் அப்பா எதிரில் பலகையில் உட்கார்ந்து அப்பாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருந்தான். இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, சம்பத்குமாரன் குளியலறையில் விழுந்து நிஜமாகவே செத்துப்போனார்.

பதின்மூன்று நாள் காரியம் இருக்கிறது. லீவு கேட்க வாய் வரவில்லை. எப்போதோ செத்துவிட்டவர் மறுபடி எப்படிச் சாவார்? சித்தப்பா தவறிவிட்டார் என்று போனில் சொல்லி இரண்டு நாள் வாங்கினான். மூன்றாம் நாள் நாவலூரில் இருந்தான். மிச்சக் காரியங்களை விடியற்காலையில் செய்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினான், பத்தாம் நாளுக்கு வயிற்றுப்போக்கு என்றான். மொட்டைத் தலையைப் பார்த்துத் தாமோதரன் தோளில் கை போட்டாராம். “சித்தப்பாவுக்கே மொட்டை போட்டியா? நீதான்பா புள்ள. இன்னா இருந்தாலும் அப்பா சாவு மாதிரி வருமா? அது உனுக்கும் எனுக்கும்தான் தெரியும்.”

காரியம் எல்லாம் முடிந்து வந்த முதல் அமாவாசையன்று காலை எட்டு மணிக்கு ராஜகோபாலன் என் கடை வாசலில் நின்றான். இரண்டு வருஷத்தில் அப்போதுதான் பார்க்கிறேன். இளைத்திருந்தான். உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

“வீட்ல தர்ப்பணம்?” என்று கேட்டேன்.

“உயிரோட இருக்கும்போதே இருபத்தஞ்சு தடவை குடுத்தாச்சு” என்றான். “இனிமே எதுக்கு?”

அவன் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு, “இந்த மாச ரிலீஸை நான் பண்றேன். பாஸ்வேர்டு சொல்லு” என்றான்.

“என்கிட்ட இல்ல. போலந்துல இருக்கு.”

“எழுதிக் கேளேன்.”

ஒரு கடிதம் போட்டால் அந்த மனிதர் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இவன் கையில் மறுபடி கொடுத்தால் என்ன ஆகுமோ என்றுதான் யோசித்தேன். கொடுக்கலாமா வேண்டாமா என்றுகூட இல்லை, வேண்டாம் என்றே யோசித்தேன்.

“ரூல் இருக்குடா. ஒரு தடவை விட்டா விட்டதுதான்” என்றேன்.

அவன் சரி என்றான். பத்தே முக்காலுக்குப் புதிய பதிப்பு போலந்திலிருந்து வந்து இறங்கியது. என்னென்ன மாறியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்தான். படித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை, பன்னிரண்டு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவனுடைய விடுப்பு அதுவரைக்கும் இருந்தது.